எக்ஸ்பான்ஷன் வந்தால் நம்ம வட்டார சர்வர் ஏன் முதலில் காலியாகிறது?

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆறு பேர் இடைநிலைப்பள்ளி நாளிலிருந்து ஒன்றாக ஆடுகிறோம். புது எக்ஸ்பான்ஷன் (கேமுக்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி) வந்தது, நாலு பேர் வாங்கிவிட்டோம், ரெண்டு பேரால் முடியவில்லை. இப்போது பழைய மேப்பில் (ஆடும் களத்தில்) ஆளே இல்லை, புது மேப்பிலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மேட்ச் கிடைப்பதில்லை. கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? இதற்கு வேறு வழியே கிடையாதா அண்ணா?"

வழி இருக்கிறது தம்பி. பெரிய கம்பெனிகளே பட்டுத் தெரிந்துகொண்டு மாற்றிக்கொண்ட விஷயம் இது. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பதினோரு மணிதான். ஆட்டக்காரர்களைப் பிரிக்கும் எந்த முடிவும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் தொடுவதற்கு முன்னால் நம்மைத்தான் அடிக்கிறது. ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்தக் கேமின் உண்மைப் புள்ளிவிவரமும் அல்ல.

ஒரு மேட்சுக்கு 32 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி நம்ம வட்டாரத்தில் 2000 பேர் ஆன்லைனில் இருக்கிறார்கள். கேமில் நாலு மோட் (ஆட்ட வகை) இருந்தால் ஒவ்வொன்றிலும் 500 பேர். கிராஸ்பிளே (வேறு வேறு கருவியில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடும் வசதி) கிடையாது என்றால் கணினிக்காரர்களும் கன்சோல்காரர்களும் பாதிப் பாதியாகப் பிரிந்து 250. திறமையைப் பார்த்துச் சேர்க்கும் மேட்ச்மேக்கிங் அந்த 250 பேரை ஐந்து தட்டாகப் பிரிக்கிறது, தட்டுக்கு 50. அதிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதோ ஒரு மேட்சின் நடுவில் இருப்பார்கள். இதன் மேல் மேப் பேக் (புது மேப்புகளின் தொகுப்பு) வாங்கினவன், வாங்காதவன் என்று இன்னொரு கோடு போட்டால் பக்கத்துக்கு 25. முப்பத்திரண்டு பேர் வேண்டிய மேட்சுக்கு இருபத்தைந்து பேர், அவ்வளவுதான், மேட்ச் கிளம்பாது. இதே கணக்கை 40,000 பேர் ஆடும் ஐரோப்பாவில் போட்டால் கடைசியில் 500 பேர் மிஞ்சுவார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. முடிவெடுக்கும் அலுவலகங்களில் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவருக்கு கியூ (மேட்சுக்காகக் காத்திருக்கும் வரிசை) அரை நிமிடத்தில் திறந்துவிடுகிறது, அவர் கண்ணுக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் மூன்றுக்கும் ஒரே மணி. பாங்காக்கும் ஜகார்த்தாவும் ஒரு மணி நேரம்தான் பின்னே. அதனால் நம்ம வட்டாரம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆன்லைன் வந்து ஒரே நேரத்தில் தூங்கப் போகிறது, பதினோரு மணிக்கு மேல் எண்ணிக்கை சட்டென்று சரியும். அந்த நேரத்தில் மேட்ச்மேக்கிங் என்ன செய்யும்? முதலில் திறமை வித்தியாசத்தைத் தளர்த்தும், நேற்று வந்த பையனை ஐந்து வருடம் ஆடினவன் முன்னால் நிறுத்தும். அதுவும் போதவில்லை என்றால் சிங்கப்பூரை விட்டுவிட்டுத் தோக்கியோவுக்கோ சிட்னிக்கோ தள்ளும். சிங்கப்பூர் சர்வருக்குப் பினாங்கிலிருந்து நல்ல ஃபைபர் இணைப்பில் இருபது மில்லி செகண்டுக்குள் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) வரும். தோக்கியோ என்றால் அதைப்போலப் பல மடங்கு. நீங்கள் சுட்ட எதிரி சாகவில்லை, சுவருக்குப் பின்னால் போன பிறகு நீங்கள் சாகிறீர்கள். இப்படி ரெண்டு மூன்று ராத்திரி போனால் ஆள் கேமையே விட்டுவிடுவான், அவன் போனதால் மிச்சம் இருப்பவர்களுக்குக் கியூ இன்னும் நீளும். வட்டாரம் காலியாவது இப்படித்தான்.

சரி, இது எங்கிருந்து ஆரம்பித்தது? ஆரம்பத்தில் காரணம் பேராசை இல்லை, தொழில்நுட்பம்தான். எக்ஸ்பான்ஷன் என்றால் தனி சிடி. 2000-இல் டயாப்லோ 2 வந்தது, அடுத்த வருடம் லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் வந்தது. எக்ஸ்பான்ஷன் கேரக்டரும் பழைய கேரக்டரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. பழையதை எக்ஸ்பான்ஷனுக்கு மாற்றலாம், மாற்றினால் திரும்பி வர முடியாது. அதற்கு முன்னால் 1998-இல் ஸ்டார்கிராஃப்ட்டுக்குப் புரூட் வார் வந்தபோதும் இதே நிலைமைதான், புது யூனிட் வாங்காதவன் கணினியில் அந்த யூனிட்டே கிடையாது, எப்படிச் சேர்ந்து ஆடுவது? அன்றைக்கு நம்ம ஊரில் இது பெரிதாக வலிக்காததற்குக் காரணம் சிசி, அதாவது சைபர் கஃபே. கடைக்காரர் எல்லா மெஷினிலும் ஒரே பதிப்பைப் போட்டு வைத்திருப்பார், நீங்கள் மணிக் கணக்குக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள், எக்ஸ்பான்ஷனுக்கு இல்லை. செந்தூலிலும் கிள்ளானிலும் ஜார்ஜ்டவுனிலும் ஒரு முழுத் தலைமுறை வார்கிராஃப்ட் 3-இன் எக்ஸ்பான்ஷனான ஃபுரோசன் துரோனில் டோட்டா (ஆட்டக்காரர்களே உருவாக்கிய கஸ்டம் மேப்) ஆடி வளர்ந்தது இந்த ஏற்பாட்டினால்தான். யாரிடம் காசு இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது கடைக்குள் வந்த பிறகு தெரியாது.

பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) அப்போதும் பிரித்தது. வார்கிராஃப்ட் 3-இல் பதிப்பு எண் ஒத்துப்போகவில்லை என்றால் பக்கத்து மெஷினில் போட்ட ஆட்டம்கூட உங்கள் திரையில் தெரியாது. 2009-இல் வந்த 1.24 பேட்ச் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது, அடைத்தபோது பழைய கஸ்டம் மேப்புகள் பல வேலை செய்யாமல் போயின. டோட்டா மேப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அது அவசியமான அப்டேட், இலவசம், ஒரு வாரம் குழப்பம், அப்புறம் எல்லாரும் ஒரே பக்கம் வந்துவிடலாம். காசு கேட்டுப் போடும் கோட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அப்டேட் போட்டால் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள், காசு கேட்டால் சிலர் வெளியேதான் நிற்பார்கள்.

உண்மையான பாதிப்பு மேப் பேக் காலத்தில் வந்தது. பேட்டில்ஃபீல்ட் 4 (2013) ஐந்து எக்ஸ்பான்ஷன் பேக் விற்றது, மொத்தமாக வாங்க பிரீமியம் என்று ஒரு திட்டம். ஐந்து பேக், ஒவ்வொன்றும் இருக்கலாம் இல்லாமல் இருக்கலாம் என்றால் காகிதத்தில் 32 வகை ஆட்டக்காரர்கள். நடைமுறையில் பிரீமியம் உள்ளவன், இல்லாதவன் என்று ரெண்டு கூட்டம்தான் ஆகும், ஆனால் நம்ம வட்டாரத்துக்கு அந்த ரெண்டே அதிகம். இதில் இன்னொரு வேதனை உண்டு. காசு கொடுத்தவனுக்கும் பயனில்லை. புது மேப் வந்த முதல் ரெண்டு வாரம் சர்வர் நிரம்பி வழியும், அப்புறம் சர்வர் வைத்திருப்பவர்கள் ஆள் வரும் பழைய மேப்புக்கே திரும்பிவிடுவார்கள், வாங்கின மேப் மெனுவில் பெயராக மட்டும் இருக்கும். உங்கள் நாலு பேருக்கும் காசு கொடுத்தும் மேட்ச் கிடைக்கவில்லை, வாங்காத ரெண்டு பேர் மட்டும் நஷ்டப்பட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

2014-இல் வந்த டைட்டன்ஃபால் இதற்குச் சரியான பாடம். அருமையான கேம். மேப் பேக்குகளைத் தனியாக விற்றார்கள், ஆட்டக்காரர்கள் சிதறினார்கள், ஓராண்டில் அந்தப் பேக்குகளை இலவசமாக்கினார்கள். 2016-இல் டைட்டன்ஃபால் 2 வந்தபோது எல்லா மேப்பும் எல்லாருக்கும் இலவசம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த ரெயின்போ சிக்ஸ் சீஜ் மேப்பை யாருக்கும் விற்கவில்லை. புது ஆபரேட்டரை (ஆடும் கேரக்டரை) காசு கொடுத்தோ ஆடிச் சேர்த்த புள்ளிகளிலோ எடுக்கலாம், எடுக்காதவனும் அதே ஆட்டத்தில் உட்காரலாம். பேட்டில்ஃபீல்ட் 5 (2018) பிரீமியத்தைக் கைவிட்டது, கால் ஆஃப் டூட்டி 2019-இல் சீசன் பாஸை (பின்னால் வரும் பேக்குகளை மொத்தமாக விற்கும் திட்டத்தை) விட்டுவிட்டு மேப்பை இலவசமாகக் கொடுத்து, கிராஸ்பிளேயையும் கொண்டுவந்து, பேட்டில் பாஸுக்கு (ஆட ஆடப் பரிசுகள் திறக்கும் திட்டத்துக்கு) மாறியது. இவர்கள் யாரும் தருமத்துக்காக மாறவில்லை. ஆள் நிறைந்த சர்வரில்தான் ஸ்கின் (தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்) விற்கும், யாரும் பார்க்காத இடத்தில் தங்கத் துப்பாக்கியை எவன் வாங்குவான்?

அதனால் "எக்ஸ்பான்ஷன் விற்காவிட்டால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். மேப் செய்ய மாதக்கணக்கில் ஆகிறது, பலர் வேலை செய்கிறார்கள், அதற்குக் காசு வர வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாமாக் கடைக்காரர் ரொட்டிக்கும் தே தாரிக்கும் காசு வாங்குகிறார், உட்காரும் மேசைக்கு வாங்குவதில்லை. மேசைக்கு வாங்கினால் ஆறு பேர் சேர்ந்து வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். உடை, கேரக்டர், தனியாள் கதை, எதை வேண்டுமானாலும் விற்கட்டும். சந்திக்கும் இடத்தை விற்கக் கூடாது. (புது முறையிலும் தவறு நடந்தது. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 சீசன் பாஸை எடுத்துவிட்டுப் பலம் தரும் பொருள்களை அதிர்ஷ்டப் பெட்டிக்குள் வைத்தது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது, அவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்தவன் பலசாலி, கொடுக்காதவன் பலியாடு என்றால் அதுவும் பிரிவினைதான்.)

பிரிக்காமல் விற்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த ரெண்டு உதாரணங்கள் உண்டு. ஒன்று ஆர்மா 3. 2014-இலிருந்து அவர்கள் வெளியிட்ட ஹெலிகாப்டர் போன்ற பேக்குகளின் தரவு எல்லார் கணினியிலும் இறங்கிவிடும், வாங்காதவன் ஓட்ட முடியாது, ஆனால் பயணியாக ஏறி நண்பனோடு போகலாம். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! பிறகு அபெக்ஸ் என்று ஒரு முழுத் தீவையே விற்றபோது அவர்களாலும் இதைக் காப்பாற்ற முடியவில்லை, நிலத்தை விற்றால் பிரிவு வந்தே தீரும்.

இன்னொன்று ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் டெஃபினிட்டிவ் எடிஷன். 2022 ஏப்ரலில் வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா எக்ஸ்பான்ஷனில் திராவிடர் என்று ஒரு நாகரிகமே சேர்ந்தது. உருமி வாள்வீரன் உண்டு, திரிசடை என்ற கப்பல் உண்டு, ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்பெயினும் (தனியாள் கதை ஆட்டம்) உண்டு. 1025-இல் கடாரத்தின் மேல் படை அனுப்பினவர், அந்தக் கடாரம் உங்கள் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் கெடாதான், பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். நம் ஆட்கள் பலர் அந்த எக்ஸ்பான்ஷனை ஆசையாக வாங்கினோம். நம் விஷயத்துக்கு முக்கியம் என்னவென்றால், திராவிடரை எடுத்து ஆடத்தான் காசு வேண்டும். எதிரே நிற்பவனோ கூட்டாளியோ வாங்கியிருக்க வேண்டிய அவசியம் இல்லை, அதே லாபி, அதே ரேங்க், அதே கியூ. 1999-இல் பிறந்த ஒரு கேம் இத்தனை எக்ஸ்பான்ஷனுக்குப் பிறகும் ஒரே கூட்டமாக இருக்கிறதென்றால் இந்த முடிவுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

எம்எம்ஓ (ஏராளமானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும்) வகைக் கேம்களில் வலி வேறு மாதிரி. அங்கே மேப்பை விட லெவல்தான் பிரிக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் உச்ச லெவல் 60 ஆக இருந்தது, 2007 ஜனவரியில் பர்னிங் குருசேட் அதை 70 ஆக்கியது, 2008 நவம்பரில் அடுத்த எக்ஸ்பான்ஷன் 80 ஆக்கியது. மாதக்கணக்கில் நாற்பது பேர் சேர்ந்து சம்பாதித்த ஆயுதத்தைப் புது நிலத்தின் முதல் சில குவெஸ்ட்டில் (சின்னப் பணியில்) கிடைத்த சாதாரணப் பச்சை ரகப் பொருள் ஒதுக்கிவிட்டது. பழைய ஊர்களில் ஆள் நடமாட்டம் இல்லை, புதிதாக வந்தவன் அந்தக் காலி ஊர்களைத் தனியாகக் கடந்துதான் நண்பனிடம் போய்ச் சேர வேண்டும்.

இதற்கும் மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்டர் ஸ்குரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் ஒன் டாம்ரியல் என்ற அப்டேட்டில் எதிரிகளையும் ஆட்டக்காரர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, நேற்றுச் சேர்ந்தவனும் பழைய ஆளும் எங்கேயும் சேர்ந்து போகலாம் என்று செய்தது. ஃபைனல் ஃபேன்டசி 14-இல் பெரிய லெவல்காரன் பழைய டஞ்சனுக்குள் (குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடத்துக்குள்) போனால் அவன் லெவல் தானாக இறங்கும், ரூலெட் (டஞ்சனைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கும் வசதி) மூலம் தினசரிப் பரிசு வைத்து அவனை அங்கே வரவும் வைக்கிறார்கள், அதனால் 2013-இல் போட்ட டஞ்சனுக்கும் இன்றைக்கு ஆள் கிடைக்கிறது. ஆனால் அதே கேமில் நம்ம வட்டாரத்துக்கு வேறொரு சங்கடம். தென்கிழக்காசிய ஆட்டக்காரர்கள் பலர் ஜப்பான் டேட்டா சென்டரின் டோன்பெரி சர்வரில் கூடி ஒரு சமூகமாக இருந்தார்கள், 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பக்கம் மெட்டீரியா என்ற டேட்டா சென்டர் திறந்ததும் சிலர் அங்கே போனார்கள், சிலர் இருந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியர்களுக்கு அது நியாயமான, பல வருடம் காத்திருந்து கிடைத்த நன்மை. நம் கூட்டம்தான் ரெண்டாயிற்று.

மோசமான உதாரணம் வேண்டுமென்றால் டெஸ்டினி 2. 2017 டிசம்பரில் கர்ஸ் ஆஃப் ஓசைரிஸ் வந்தபோது, கேமை முழு விலை கொடுத்து வாங்கி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சில பகுதிகளுக்குத் தேவையான பலத்தின் அளவு உயர்த்தப்பட்டு, எக்ஸ்பான்ஷன் வாங்காதவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். கூச்சல் எழுந்ததும் மாற்றினார்கள். 2020 நவம்பரில் அதைவிடப் பெரியது நடந்தது, காசு கொடுத்து வாங்கிய கோள்களையும் கதைகளையும் கேமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வாங்காதவனை வெளியே நிறுத்துவது ஒரு தப்பு என்றால், வாங்கினவனிடமிருந்து பிடுங்குவது அதைவிடப் பெரிய தப்பு.

விலை சம்பந்தப்படாத பிரிவும் உண்டு, ருசியால் வருவது. ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ் 2005 நவம்பரில் ஒரு எக்ஸ்பான்ஷனை விற்றுவிட்டு, அது வெளியான சில நாளிலேயே கேமின் அடிப்படையையே மாற்றப் போவதாக அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின, வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டிவந்தது, போன ஆட்டக்காரர்கள் திரும்பி வரவில்லை. ரூன்ஸ்கேப்பும் 2012 நவம்பரில் சண்டை முறையை மாற்றிக் கூட்டத்தை இழந்தது, ஆனால் அவர்கள் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பழைய பிரதி ஒன்றை எடுத்து 2013 பிப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் என்று தனியாகத் திறந்தார்கள். அங்கே முக்கியமான மாற்றம் எதையும் ஆட்டக்காரர்களிடம் ஓட்டெடுப்பு வைத்துத்தான் சேர்த்தார்கள், நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்திருந்தார்கள், பிற்பாடுதான் எழுபது சதவீதமாகக் குறைத்தார்கள். ஆட்டக்காரனைக் கேட்டுச் செய்தால் கேம் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு அது போதும்.

கைப்பேசிக் கேம்களில் எல்லாம் இலவசம்தானே என்பார்கள். அங்கே போன் பிரிக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டும் படத்தரத்தைக் கூட்டி, இடத்தைத் தின்று, பழைய போனை மூச்சுத் திணற வைக்கிறது, பிரீபெய்ட் டேட்டாவில் ஆடும் பிள்ளைக்குப் புது சீசன் இறங்கி முடிவதற்குள் கூட்டாளிகள் பாதி ரேங்க் ஏறிவிடுகிறார்கள். படத்தரத்தைக் குறைத்து இறக்கும் சின்னத் தொகுப்பு ஒன்று தரும் கேம்களைத்தான் நான் சின்னப் பையன்களுக்குச் சொல்வேன்.

இனி உங்கள் ஆறு பேருக்கு. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்: வாங்கி 14 நாளுக்குள், வாங்கின பிறகு அந்தக் கேமை ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், எக்ஸ்பான்ஷனுக்கும் பணம் திரும்பக் கேட்கலாம். ஃபேமிலி ஷேரிங் உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கானது, அதோடு ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம், ஆறு பேர் சேர்ந்து ஆட அது வழியில்லை. பணம் திரும்பாது என்றால், கேமின் அமைப்பில் (செட்டிங்ஸ்) கிராஸ்பிளே திறந்திருக்கிறதா, வட்டாரம் சிங்கப்பூர் என்று இருக்கிறதா என்று ஆறு பேரும் பாருங்கள், ஒருவர் மூடி வைத்திருந்தாலே முழு பார்ட்டிக்கும் கியூ நீளலாம். ஆடும் நேரத்தை எட்டரையிலிருந்து பத்தரை வரை வைத்துக்கொண்டு, பழைய மேப்பும் புது மேப்பும் கலந்த பிளேலிஸ்ட் இருந்தால் அதை எடுங்கள். அந்த ரெண்டு தம்பிகளையும் வாங்கச் சொல்லி நெருக்க வேண்டாம். அவர்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும், நூறு நூற்றைம்பது வெள்ளி எல்லா வீட்டிலும் ஒரே கனம் இல்லை. தள்ளுபடி வரும்போது நாலு பேரும் பங்கு போட்டுப் பரிசாக வாங்கிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், இல்லை என்றால் அடுத்த எக்ஸ்பான்ஷன் வரும்போது அறிவிப்பு நாளிலேயே ஆறு பேரும் பேசி முடிவெடுங்கள், முன்பதிவு செய்யாதீர்கள்.

கம்பெனிக்குப் புகார் எழுதப் போகிறீர்கள் என்றால், "கேம் செத்துவிட்டது" என்று மட்டும் எழுதினால் படிக்க மாட்டார்கள். எந்த நாள், மலேசிய நேரம் எத்தனை மணி, எந்த மோட், எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், கடைசியில் எந்த நகரத்து சர்வரில் என்ன பிங்கில் போட்டார்கள் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புங்கள். அவர்கள் மேசையில் நம்ம வட்டாரம் உலகச் சராசரிக்குள் மறைந்து கிடக்கிறது, இப்படிப் பிரித்துக் காட்டினால்தான் கண்ணில் படும். ஆறு பேரும் தனித்தனியாக அனுப்புங்கள், உங்களோடு ஆடும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய நண்பர்களிடமும் சொல்லுங்கள். நீங்கள் எந்த மோடில், எந்த ரேங்கில் ஆடுகிறீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள் தம்பி, அந்த நேரத்தில் எங்கே ஆள் இருக்கும் என்று சேர்ந்து பார்க்கலாம்.